அவிழ்க்கச் சொல்லாத பின்னல்

ஒரு நாளைக்கு எழுபது எண்பது தடவை நான் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். யோகா எல்லாம் இல்லை. மட்டாஞ்சேரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. தகட்டில் நெஞ்சைப் பதித்து நிற்கிறவரிடம் "ஸ்வாசம் எடுத்துப் பிடிச்சோ" என்று மலையாளத்தில் சொல்லிவிட்டு, ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் வந்து பொத்தானை அமுக்குவேன். அந்த இரண்டு மூன்று விநாடி நானும் மூச்சுவிட மாட்டேன். "ஆ, விட்டோ" என்று சொல்லும்போது என்னுடையதையும் விடுவேன். இந்த ஊருக்கு வந்து பதினாறு வருஷம் ஆகிறது, இந்தப் பழக்கம் போகவில்லை. என் மனைவி சொல்வாள், வீட்டில் ஏதாவது கெட்ட சேதி கேட்டாலும் நான் அதே மாதிரி நின்றுவிடுகிறேனாம், யாராவது விடச் சொல்லும்வரை. இந்த மூன்று மாதமாக எனக்கு யாரும் விடச் சொல்லவில்லை.

மூன்று மாதம் என்பது எங்கள் ஆஸ்பத்திரியில் புதிதாக வந்த ஒரு மென்பொருளுக்குக் கொடுத்திருக்கிற சோதனைக்காலம். நெஞ்சு எக்ஸ்ரே எடுத்ததும் அது படத்தைப் பார்க்கும். சந்தேகம் இல்லையென்றால் ஓரத்தில் பச்சைப் புள்ளி. சந்தேகம் இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு வட்டம். அறிக்கையையும் அதுவே எழுதிவிடும். முன்பெல்லாம் டாக்டர் ஆனி தினமும் வந்து ஒவ்வொரு படத்தையும் பார்த்து, வாயால் சொல்லச் சொல்ல அலுவலகத்துப் பெண் ஸஜிதா தட்டச்சு செய்வாள். டாக்டர் ஆனி எங்கள் ரேடியாலஜிஸ்ட். திருப்பூணித்துறையிலிருந்து வருகிறவர், ஐம்பத்தைந்து வயதுக்காரர், படம் பார்க்கும்போது பிஸ்கட் தின்னாமல் இருக்கவே மாட்டார். இப்போது அவர் வாரத்தில் இரண்டு நாள்தான். மற்ற நாட்களில் வேறு ஏதோ நகரத்தில் உட்கார்ந்திருக்கிற, நாங்கள் முகம் பார்க்காத ஒரு டாக்டர் மொத்தமாகக் கையெழுத்துப் போடுகிறார். மென்பொருளோடு வந்த புதுக் கருவியில் வேலை சீக்கிரம் முடிகிறது, அதனால் சோதனைக்காலம் முடிந்ததும் எக்ஸ்ரே அறையில் இரண்டு டெக்னீஷியன் தேவையில்லை, ஒருவர் போதும் என்று நிர்வாகி ஜோஜி சார் சொல்லிவிட்டார். இருக்கிற இரண்டு பேர் நானும் ஷிஹாபும். அவன் இந்த ஊர்க்காரன், பஜாரில் பிறந்து வளர்ந்தவன். நான் கோவில்பட்டிக்காரன். யார் நிற்பார், யார் போவார் என்பதைத் தவிர எங்களுக்குள் எல்லாம் பேசிக்கொள்வோம்.

இயந்திரம் என்னைத் துரத்துவது இது முதல் தடவை இல்லை. கோவில்பட்டியில் நான் வேலை பார்த்த கிளினிக்கில் அப்போது ஈரப் படம். இருட்டறையில் கழுவி, கிளிப்பில் மாட்டிக் காயப்போட்டு, சொட்டச் சொட்ட டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும். அவர் அதை டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பார்ப்பார். கைக்கெல்லாம் அந்த மருந்து வாடை அடிக்கும். சாப்பாட்டில் கூட அடிக்கும். பிறகு முதலாளி கம்ப்யூட்டர் தகடு வாங்கினார். இரண்டு பேர் செய்த வேலையை ஒருவர் செய்யலாம் என்று ஆனது, சின்னவனான நான் வெளியே வந்தேன். இருட்டறை போனதற்காக நான் ஒரு நாளும் அழுததில்லை, அந்த நாற்றம் போனதில் சந்தோஷம்தான். வேலை போனதற்குத்தான் அழுதேன். செங்கோட்டை வழியாக ரயிலேறி இங்கே வந்தபோது, இனி இன்னொரு மிஷின் வந்து என்னைப் பிடிக்க நாளாகும் என்று நினைத்தேன்.

சாயங்காலம் நாலு மணிக்கு கேண்டீனில் சாயா குடிக்கும்போது இப்போதெல்லாம் ஒரே பேச்சு, யார் முதலில் போவார் என்று. தோல் டாக்டர் சொல்வார், படத்தைப் பார்த்துச் சொல்கிற எந்த வைத்தியமும் மிஷினுக்குத்தான், என் பாதி வேலை இப்போதே நோயாளியின் மொபைலுக்குப் போய்விட்டது என்று. லேபில் ஸ்லைடு பார்க்கிற அம்மா தலையசைப்பார். எலும்பு சர்ஜன் சத்தமாகச் சிரிப்பார், சுத்தியல் பிடிக்கிறவனை யாரும் அசைக்க முடியாதாம். மயக்க டாக்டர் சிரிக்கவே மாட்டார், சாயாவை ஆற்றிக்கொண்டே இருப்பார். பொது மருத்துவர், வயதானவர், சொல்வார்: "எனக்குப் பயமில்ல. எங்கிட்ட வர்றவங்க மருந்துக்கு வரல, வழக்கு கேட்க வர்றாங்க. மிஷினுக்கு வழக்கு சொல்லத் தெரியாது." இங்கே வழக்கு சொல்வது என்றால் திட்டுவது. எல்லோரும் சிரித்தோம். இப்படி ஒரு மாதம் வாதாடினார்கள். அதற்குள் ஸஜிதா போய்விட்டாள். டாக்டர்களில் யார் போவார் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவர்கள், அறிக்கை தட்டச்சு செய்கிற பெண்ணை ஒரு ஆளாகவே நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை, அதுதான் எனக்குச் சுட்டது.

டாக்டர் ஆனி ஒரு நாள் தன்னைப் பற்றிச் சொன்னார். "முருகேசா, இனி எனிக்கு வயிறு மட்டும்தான்." அவர் எனக்காகத் தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். எக்ஸ்ரேயும் சி.டி.யும் மிஷின் பார்க்கட்டும், அல்ட்ராசவுண்டில் வயிற்றில் கருவியை வைத்து அழுத்த ஒரு கை வேண்டுமே என்றார். இருபத்தைந்து வருஷம் படித்ததும் பார்த்ததும் கடைசியில் ஒரு கையாக முடிந்ததைச் சொல்லும்போது அவர் பிஸ்கட்டைத் தொடவில்லை.

மிஷினைத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டாவது மாதத்தில் சுமை தூக்குகிற ஒரு பெரியவருக்கு, இதயத்துக்குப் பின்னால் மறைந்திருந்த ஒரு சின்ன நிழலை அது வட்டமிட்டது. நானும் பார்க்கவில்லை, டாக்டர் ஆனியும் முதலில் பார்க்கவில்லை. மேல்பரிசோதனையில் அது நிஜம் என்று தெரிந்து அவருக்குச் சீக்கிரமே சிகிச்சை தொடங்கினார்கள். அவர் வந்து என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். நான் என்ன சொல்வேன், மேஜையில் இருந்த கம்ப்யூட்டர் பெட்டியைக் காட்டினேன்.

இனி பேச்சியம்மாள் கதைக்கு வருகிறேன். இதை எழுத உட்கார்ந்ததே அவளால்தான்.

பேச்சியம்மாளுக்குச் சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். கல்யாணமாகி மட்டாஞ்சேரி வந்தவள். புருஷன் விட்டுப் போய்விட்டான். பஜார் கிடங்கு ஒன்றில் சுக்கு பொறுக்கித் தரம் பிரிக்கிற வேலை. வளைகுடாவில் ஒரு வீட்டு வேலைக்கு ஏஜெண்ட் மூலம் வாய்ப்பு வந்திருந்தது. வேலைக்கு அனுப்புவதற்கு முன்னால் ஏஜெண்டே இங்கே ஒரு முன்பரிசோதனை செய்யச் சொல்வார். நெஞ்சில் கறை இருந்தால் அங்கேயே கதை முடிந்தது, அடுத்த பெண்ணை அனுப்பிவிடுவார். அந்த வாரம் அவள் தன் மகளைக் கோட்டயத்தில் நர்ஸிங் சேர்த்திருந்தாள், இந்த வேலையை நம்பித்தான். காலை பத்து மணிக்கு எக்ஸ்ரே அறைக்குள் வந்தாள். தலைகுளித்து, இறுக்கப் பின்னி, மல்லிகை வைத்து, நெற்றியில் திருநீறோடு. கல்யாணத்துக்குப் போகிற மாதிரி இருந்தாள்.

பெண்களுக்கு நெஞ்சுப் படம் எடுக்கும்போது தலைமுடியைத் தூக்கி உச்சியில் கட்டச் சொல்ல வேண்டும். கனமான பின்னல் தோளில் கிடந்தால் படத்தில் நுரையீரலின் மேல்பகுதியில் வெண்மையாக விழும், காசநோய்க் கறை போலவே இருக்கும். இது தொழிலில் முதல் பாடம். மலையாளத்தில் நான் இதை லட்சம் தடவை சொல்லியிருப்பேன். "சேச்சி, முடி பொக்கிக் கெட்டிக்கோ." கொஞ்சம் கூடக் கூச்சம் கிடையாது. இந்த பாஷையில் நான் முதலில் கற்றதே வேலை வாக்கியங்கள்தான், அவற்றைச் சொல்லும்போது எனக்கு அம்மா நினைப்பு, அக்கா நினைப்பு வராது. ஆனால் தமிழில் அதை நான் சொன்னதே இல்லை. கோவில்பட்டியில் அந்த வேலையைச் செய்ய மாரியக்கா என்று ஒரு ஆயா இருந்தார். அவர்தான் பெண்களை உள்ளே கூட்டிப்போய், தலையைப் பார்த்து, தாலியை நகர்த்தி, நிறுத்திவிட்டு வெளியே வந்து "எடுப்பா" என்பார். ஒரு பெண்ணைப் பார்த்து "தலையை அவிழ்" என்று சொல்கிற ஆண்பிள்ளையை எங்கள் பக்கம் என்ன நினைப்பார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவிழ்ந்த தலை சாவு வீட்டின் அடையாளம் என்பதும் உங்களுக்குத் தெரியும்.

பேச்சியம்மாள் உள்ளே வந்ததும் என் பேச்சிலேயே ஊரைக் கண்டுபிடித்துவிட்டாள். "நீங்க நம்ம பக்கமா அண்ணாச்சி?"

"கோவில்பட்டி."

"அதானே பார்த்தேன். இன்னைக்கு நல்லபடியா முடியணும் அண்ணாச்சி. சாமிக்கு நேந்துட்டு வந்திருக்கேன்."

அவ்வளவுதான். மலையாளத்தில் சொல்லலாம் என்றால், ஊர்க்காரியிடம் வேறு பாஷையில் பேசினால் விலகுகிற மாதிரி ஆகும். நல்ல காரியத்துக்குப் பூ வைத்துக்கொண்டு வந்தவளிடம் தமிழில் சொல்ல வாய் வரவில்லை. "பின்னலைக் கொஞ்சம் ஒதுக்கிக்கோங்கக்கா" என்று மட்டும் சொன்னேன். அவள் தோளோரமாக ஒதுக்கிக்கொண்டாள். தகட்டில் நெஞ்சை வைத்து நின்றாள். "மூச்சை இழுத்துப் பிடிங்க." பிடித்தாள். நானும் பிடித்தேன். படம் வந்தது, அடுத்த ஆள் வந்தார், வரிசை நீண்டிருந்தது, என்ன புள்ளி விழுந்தது என்று பார்க்கவில்லை.

மதியம் இரண்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு வந்து பட்டியலைப் பார்த்தபோது பேச்சியம்மாள் பெயருக்கு நேரே சிவப்பு. படத்தைத் திறந்தேன். வலது நுரையீரலின் மேல்பகுதியில் வட்டம். அதற்குள் பட்டையாக ஒரு வெண்மை, கீழே வரவரச் சன்னமாக. பின்னல். எனக்குப் பார்த்ததுமே தெரிந்தது. டாக்டர் ஆனி இருந்திருந்தால் அவருக்கும் தெரிந்திருக்கும். பத்து வருஷமாக இந்த மாதிரிப் படம் வந்தால் உடனே ஃபோனை எடுத்து ஒரே கேள்விதான் கேட்பார், "முருகேசா, முடியாணோ?" நான் முடிதான் என்பேன், மறுபடம் எடுப்போம், யாருக்கும் தெரியாது. அன்றைக்கு அவர் வராத நாள். அந்த மிஷின் என்னை எதுவும் கேட்கவில்லை. காசநோய் சந்தேகம், மேல்பரிசோதனை தேவை என்று எழுதிவைத்து, நாலு மணிக்கு ஏஜெண்ட் அலுவலகத்துக்குத் தானாகப் போகக் காத்திருந்தது.

மறுபடம் எடுக்கலாம். அதற்குக் காரணம் குறிக்க வேண்டும். திரையில் மூன்றே காரணங்கள்: நோயாளி அசைந்தார், கருவிக் கோளாறு, டெக்னீஷியன் பிழை. யார் எத்தனை மறுபடம் எடுத்தார், எதற்காக என்பது ஜோஜி சார் மேஜைத் திரையில் எங்கள் இரண்டு பேர் பெயருக்கும் எதிரே வந்துகொண்டிருக்கும். சோதனைக்காலம் முடிய இருபத்தெட்டு நாள் இருந்தது. ஷிஹாப் பெயருக்கு எதிரே என்னைவிடக் குறைவு என்று எனக்குத் தெரியும்.

உண்மையைச் சொல்கிறேன், கால்மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். மேல்பரிசோதனை என்றால் சளி எடுத்துப் பார்ப்பார்கள், ஒன்றுமில்லை என்று வந்துவிடும், அவளுக்கு என்ன கெடப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கெட்டுப்போகும் என்று எனக்குத் தெரியும். ஏஜெண்ட் சளிக்கெல்லாம் காத்திருக்க மாட்டார். என் வீட்டில் என் மனைவியும் பத்தாவது படிக்கிற மகனும் இருக்கிறார்கள். மகனுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும், மலையாளத்தில் வெளுத்துக்கட்டுவான். கோவில்பட்டிக்குத் திரும்பினால் அவனை எந்தப் பள்ளியில் எந்த பாஷையில் சேர்ப்பது? இதையெல்லாம் நினைத்தபடி அந்தச் சிவப்பு வட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வெட்கமாக இருந்தது. அவளிடம் சொல்லக் கூசி ஒரு தப்பு செய்தாயிற்று, இப்போது பயத்தில் இரண்டாவது தப்பு செய்ய உட்கார்ந்திருக்கிறேன்.

பேச்சியம்மாளுக்கு ஃபோன் செய்தேன், எடுக்கவில்லை. கிடங்கில் வேலை நேரத்தில் ஃபோனைப் பையில் போட்டு மாட்டிவிடுவார்கள். ஷிஹாபிடம், "கொஞ்சம் பார்த்துக்கோ, பஜார் வரை போய் வர்றேன்" என்றேன். ஏன் என்று கேட்டான், சொன்னேன். அவன் முகத்தில் ஒரு கணம் ஏதோ வந்து போனது. அவனுடைய வாப்பா பஜாரில் சுமை தூக்கியவர். சரக்கு வல்லார்பாடம் கண்டெய்னர் துறைமுகத்துக்குப் போகத் தொடங்கியபோது அவருக்கு வேலை குறைந்து நின்றே போனது. அதனால் அவனுக்கு இந்தப் பயம் வீட்டுப் பயம். "போயி வா அண்ணா" என்றான். "ஆனா பிழைன்னு போடாத. அசைஞ்சாங்கன்னு போடு." அவன் அதை நல்லதுக்குத்தான் சொன்னான், எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

கிடங்கு வாசலில் சுக்குத் தூசி தொண்டையைப் பிடித்தது. உள்ளே வரிசையாகப் பெண்கள் குந்தியிருந்தார்கள். பேச்சியம்மாள் என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள், முறம் கையிலேயே இருந்தது.

"என்னண்ணாச்சி, ஏதும் தப்பா இருக்கா?"

"உங்களுக்கு ஒண்ணுமில்லக்கா. படம் சரியா விழல. இன்னொண்ணு எடுக்கணும். நாலு மணிக்குள்ள."

வழியெல்லாம் கைத்தூசியைப் புடவையில் துடைத்துக்கொண்டே என் பின்னால் வேகமாக வந்தாள். எக்ஸ்ரே அறைக்குள் வந்து கதவைச் சாத்தியபோது மூன்றேகால். இனி சொல்லியே ஆக வேண்டும்.

"அக்கா, தலையை அவுத்து மேல தூக்கிக் கட்டணும்."

அவள் கை தானாகப் பூவுக்குப் போனது. "நல்ல காரியமாப் போறப்ப தலைய அவுக்கச் சொல்லுதீங்களே அண்ணாச்சி."

"அவுக்காததுனாலதான் கறை மாதிரி விழுந்திருக்கு. பின்னலோட நிழல். மிஷின் அதை டி.பி.ன்னு சொல்லுது."

பூவிலிருந்து கையை எடுத்தாள். "காலையிலேயே சொல்லியிருக்கலாமே?"

"சொல்ல வாய் வரலக்கா."

அவள் திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அந்தப் பக்கம் திரும்புங்க" என்றாள். சுவரைப் பார்த்துத் திரும்பினேன். ஹேர்ப்பின்கள் மேஜையில் விழுகிற சத்தம் கேட்டது. "ஆச்சு" என்றபோது திரும்பினேன். உச்சியில் ஒரு சின்னக் கொண்டை, எலுமிச்சம்பழம் அளவு. அந்தக் கனத்த பின்னலில் முக்கால்வாசி சவுரி, வைத்துப் பின்னிய ஒட்டுமுடி. அதைச் சுருட்டி முந்தானைக்குள் வைத்து இடது கையால் அழுத்திப் பிடித்திருந்தாள். நான் பார்த்துவிட்டேன் என்று அவளுக்கும் தெரியும். அதைக் கீழே வைக்கச் சொல்லவும் எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனால் இந்தத் தடவை சொல்லிவிட்டேன். வைத்தாள். நின்றாள். மூச்சைப் பிடித்தாள். படம் வந்தது. நான் என் மூச்சை விடாமல் திரையையே பார்த்தேன். பச்சைப் புள்ளி வந்தது.

அப்போதே திரையில் மூன்று காரணங்களும் வந்து நின்றன. ஷிஹாப் சொன்னது காதில் இருந்தது. ஒரு பெண் சவுரியைக் கழற்றி என் முன்னால் வைத்திருக்கிறாள், அவள் அசைந்தாள் என்று நான் எப்படிக் குறிப்பேன்? மூன்றாவதைத் தொட்டேன், டெக்னீஷியன் பிழை.

மறுநாள் ஜோஜி சார் கூப்பிட்டார். நல்ல மனுஷர்தான், குரல் உயர்த்த மாட்டார், அதனாலேயே பயமாக இருக்கும். என்ன பிழை என்று கேட்டார். எங்கள் ஊர்ப் பெண்கள் நல்ல நாளில் தலை அவிழ்க்க மாட்டார்கள் என்று நான் தொடங்கியதும் அவர் தலையாட்டி எழுதத் தொடங்கினார். "பேஷண்ட் சம்மதிச்சில்ல. அத்ரே அல்லே?" நோயாளி மறுத்துவிட்டாள், அவ்வளவுதானே என்று கேட்கிறார். எனக்கு ஒரு கதவு திறந்த மாதிரிதான் இருந்தது.

"அல்ல சாரே. ஞான் பறஞ்ஞில்ல. நான்தான் சொல்லல."

"ஏன்?"

"அது... அவங்க தமிழ்."

"நீயும் தமிழல்லே?"

"அதனாலதான் சார்."

அவருக்கு அது கடைசிவரை புரியவில்லை. தமிழ் தெரிந்தவன் தமிழ்ப் பெண்ணிடம் சொல்ல முடியாது, மலையாளிப் பெண்ணிடம் சொல்ல முடியும் என்றால் யாருக்குத்தான் புரியும்? பேனாவை மூடிவிட்டு யோசித்தார். அப்புறம் அவர் முகம் தெளிந்தது. புதுக் கருவியில் நோயாளிகளுக்கு உத்தரவு சொல்லப் பதிவுசெய்த குரல் போடலாமாம். மலையாளம், ஹிந்தி, இங்கிலீஷ் இருக்கிறது, தமிழ் இல்லை. பஜாரில் தமிழ் ஆட்கள் நிறையப் பேர். நீயே தமிழில் பேசிக் கொடுத்துவிடு, மிஷினுக்குக் கூச்சம் கிடையாது என்றார். சிரித்தார். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது.

ஆளில்லாத எக்ஸ்ரே அறையில் உட்கார்ந்து பேசினேன். தாடையைத் தூக்குங்க. தோளை முன்னால தள்ளுங்க. முடியை அவுத்து மேல தூக்கிக் கட்டுங்கக்கா. கடைசி வாக்கியத்தை ஐந்து தடவை எடுக்க வேண்டியிருந்தது. ஆண்கள் காதிலும் விழும், 'அக்கா' வேண்டாம் என்றார் ஜோஜி சார். அதை எடுத்தால் நான் பேச மாட்டேன் என்றேன். எனக்கே ஆச்சரியம், அவரிடம் நான் எதிர்த்துப் பேசிய முதல் தடவை அது. பெண்களுக்கு ஒன்று, ஆண்களுக்கு ஒன்று என்று தனித்தனியாகப் பதிவு செய்தோம். என் வேலைக்கு நானே குழி வெட்டுகிறேன் என்பது தெரியாமல் இல்லை. ஆனாலும் பேச்சியம்மாள் மாதிரி இன்னொருத்தி என் வாயால் கெடக்கூடாது என்பதும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் இருந்தன.

பேச்சியம்மாள் போன வாரம் விமானமேறிவிட்டாள். போவதற்கு முன் ஆஸ்பத்திரி வாசலில் வந்து சொல்லிவிட்டுத்தான் போனாள். தலையில் அதே கனத்த பின்னல், அதே மல்லிகை. சோதனைக்காலம் முடிய இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. ஜோஜி சார் எதுவும் சொல்லவில்லை, ஷிஹாபும் நானும் ஒன்றாகத்தான் சாயா குடிக்கிறோம்.

இன்று காலை ஒரு அம்மா வந்தார்கள், வண்ணாந்துறைப் பக்கத்திலிருந்து, தமிழ். தகட்டின் முன் நிறுத்திவிட்டு நான் கண்ணாடிக்குப் பின்னால் வந்து பொத்தானைத் தொட்டேன். மேலே ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து என் குரல், முடியை அவிழ்த்துத் தூக்கிக் கட்டச் சொன்னது. அந்த அம்மா மறுபேச்சில்லாமல் கட்டினார்கள். அப்புறம் முகத்தை அண்ணாந்து, என்னைப் பார்க்காமல், அந்தப் பெட்டியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கேட்டார்கள்:

"எந்த ஊரு அண்ணாச்சி நீங்க?"

பதில் சொல்ல நான் வாயைத் திறந்தேன். அதற்குள் பெட்டி மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லிவிட்டது. அந்த அம்மா பிடித்தார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நானும் பிடித்தேன்.